ஒரு ஹாரன் அடித்தால் சரி

கடையின் பின்கட்டில், ஆயில் டப்பாக்களுக்கும் டயர் அடுக்குக்கும் நடுவே ஒரு மேஜை போடுகிற அளவுக்குத்தான் இடம் இருந்தது. வருஷக்கணக்காக அவள் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். தலையில் ஹெட்செட், எதிரே கம்ப்யூட்டர், பக்கத்தில் எப்போதும் ஆறிப்போன டீ. தலைக்கு மேலே சுவரில், ‘வண்டி ஓட்டும்போது போன் பேசாதீர்’ என்று முதலாளி சிவப்பு எழுத்தில் ஒட்டிவைத்த அறிவிப்பு. அதற்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டுதான், வண்டி ஓட்டுகிறவர்களோடு அவள் நாள் முழுக்கப் போனில் பேசினாள். இதென்ன கூத்து என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், “அவங்க பேசக் கூடாதுன்னுதானே போட்டிருக்கு, நீ பேசக் கூடாதுன்னு போட்டிருக்கா?” என்று முதலாளி திருப்பிக் கேட்டிருப்பார். அவர் அப்படிப்பட்ட ஆள்.

வண்டி உதிரிபாகம் விற்கிற கடை அது. மெக்கானிக்குகள் எல்லாரும் இன்ஜினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்ட பிறகுதான் என்ன பாகம் வேண்டும் என்று யோசிக்கிற ஜாதி. “ஆயில் சீல் அனுப்புங்க, வண்டிக்காரன் தலைமேல நிக்கிறான்” என்று ஒரு போன் வரும். அனுப்பிய கையோடு, “இன்னும் வரலியே, வருமா வராதா?” என்று அடுத்த போன். வரும் வரும் என்று அவள் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்வாள். சொல்லிவிட்டு, கொண்டுபோகிற ஆள் எந்தத் தெருவில் இருக்கிறான் என்று பார்த்து அவன் காதுக்குள் போவாள்.

கடைக்கு ஐந்து மோட்டார் சைக்கிள் ஓடின. ஓட்டுகிறவர்களுக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். காலையில் கிளம்பும்போதே காதில் போன் ஒயரைச் செருகி, மேலே ஹெல்மெட்டை மாட்டிவிடுவார்கள். சாயங்காலம் வரை லைன் திறந்தே இருக்கும். “ஒண்ணு, கிளட்ச் பிளேட் எடுத்தாச்சா? மூணு, பாலத்துப் பக்கம் கூட்டமா இருக்காம், பின்னாடி வழியா போ. அஞ்சு, எங்க போய்த் தொலைஞ்சே?” என்று அவள் குரல் ஊர் முழுக்க ஓடும். வண்டிக்காரர்கள் அவளுக்கு மைக் அக்கா என்று பெயர் வைத்திருந்தார்கள்.

ஆரம்பத்தில் அவர்கள் வாயால்தான் பதில் சொன்னார்கள். காற்று இரைச்சலில் பாதி கேட்காது. ஒருநாள் இரண்டாம் நம்பர், “பிரேக் ஷூ குடுத்தாச்சுக்கா” என்று சொல்லிக்கொண்டே வேகத்தடையில் ஏறி நாக்கைக் கடித்துக்கொண்டான். அப்புறம் வெகுநாள் பாலும் ரொட்டியும்தான். போதாக்குறைக்கு, சிக்னலில் நிற்கிற போலீஸ்காரர் ஹெல்மெட்டுக்குள் உதடு அசைகிறதா என்று குனிந்து குனிந்து பார்க்க ஆரம்பித்தார். அவள்தான் அதற்கு ஒரு வழி சொன்னாள்.

“யாரும் வாயே தொறக்க வேணாம். நான் கேக்குறேன், நீங்க ஹாரன் அடிங்க. ஒரு ஹாரன் அடிச்சா சரி. ரெண்டு அடிச்சா மறுபடி சொல்லணும். நீட்டி அடிச்சா முடியாது. அவ்வளவுதானே நமக்குள்ள பேச்சு?”

மூளை என்றால் இது மூளை என்று முதலாளி எல்லார் முன்னாலும் மெச்சினார். அவள் மேஜைக்கு ஒரு விசிறிகூட வந்தது. அன்றிலிருந்து ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரியாமல் ஒரு பாஷை நடந்துகொண்டிருந்தது. காலித் தெருவில் இவன் எதற்கு ஹாரன் அடிக்கிறான் என்று ஜனங்கள் திட்டினார்கள். திட்டு வாங்குவது அந்தப் பையன்களுக்குப் புதிதில்லை.

நாலாம் நம்பர் அவளுடைய வீட்டுக்காரர். அதில் மற்ற நம்பர்களுக்கு ஓயாத சிரிப்பு. “எல்லாருக்கும் பொண்டாட்டி பேச்சு வீட்டோட போயிடும். நாலுக்கு மட்டும் ரோட்டுலயும் பொண்டாட்டி” என்பார்கள். லைனில் அவரையும் அவள் நம்பர் சொல்லித்தான் கூப்பிட்டாள். அது பழகிப்போய், வீட்டில் குழம்பு தாளிக்கும்போதும் “நாலு, அந்தக் கரண்டியை எடுங்க” என்று வந்துவிடும். அப்போதெல்லாம் அவரும் சிரித்தவர்தான். எப்போது சிரிப்பை நிறுத்தினார் என்று யோசித்தால் அவளுக்குச் சரியாகப் பிடிபடவில்லை.

மாடியில் ஓர் அறை, ஓர் ஆள் திரும்பினால் இன்னோர் ஆள் வெளியே வரவேண்டிய சமையல்கட்டு. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். சாயங்காலம் வந்ததும் அவர் ஒயரைக் காதிலிருந்து பிடுங்கி ஆணியில் மாட்டிவிட்டுக் கட்டிலில் மல்லாந்துவிடுவார். அவளுக்கோ அப்போதுதான் வாய் நமநமக்கும். பகல் முழுக்க பேரிங்கும் கேபிளும் பேசியவளுக்குச் சொந்தமாகப் பேச ஆயிரம் இருக்கும். அவர் ‘உம்’ கொட்டுவார். கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றுபோகும்.

அன்று காலையில் சண்டை வந்தது ஒரு குழாயால். சமையல்கட்டுக் குழாய் சொட்டுகிறது, ஒரு வாஷர் வாங்கி மாட்டக் கூடாதா என்று அவள் கேட்டாள். நேற்றும் கேட்டிருந்தாள்.

“காலையிலேர்ந்து பொழுது போற வரைக்கும் காதுக்குள்ளயே உக்காந்திருக்கே” என்றார் அவர். “வீட்டுலயாவது என்னைக் கொஞ்சம் விடேன்.”

“காதுக்குள்ள நான் பேசுறது பிரேக் ஷூ. அதைப் பொண்டாட்டி பேச்சுன்னு கணக்குல எழுதாதீங்க.”

“எல்லாம் ஒரே குரல்தானே?”

அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. வாணலியில் முட்டை கருகுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவர் சாப்பிடாமல் இறங்கிப் போய்விட்டார்.

அன்றைக்கு முழுக்க நாலாம் நம்பரிடமிருந்து ஒரு ஹாரன்கூட வரவில்லை. வேலையெல்லாம் ஒழுங்காக நடந்தது. சொன்ன இடத்துக்குப் பாகம் போய்ச் சேர்ந்தது. பதில்தான் இல்லை. வண்டி இரைச்சல் மட்டும் அவள் காதில் ஓடிக்கொண்டிருந்தது. மத்தியானத்துக்குமேல் வானம் கறுத்தது. தகரக் கூரைக்கு அடியில் உட்கார்ந்திருந்தவளுக்கு மழை வருவதற்குள் எல்லா வண்டியும் திரும்பிவிட வேண்டுமே என்று இருந்தது. மழை பெய்தால் கூரைச் சத்தத்தில் யார் ஹாரனும் கேட்காது.

“நாலு, ஆலை ரோட்டு வொர்க்‌ஷாப்புல கேபிளைக் குடுத்துட்டு நேரா கடைக்கு வந்துடுங்க. மழை வருது.”

பதில் இல்லை. முதலாளி முன்பக்கம் யாரோடோ விலை பேசிக்கொண்டிருந்தார். அவள் மைக்கை உதட்டோடு ஒட்டி இழுத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

“கோவம் போயிடுச்சா?”

இரைச்சல்.

“ஒரே ஒரு ஹாரன் அடிச்சா கொறைஞ்சா போயிடுவீங்க?”

ஒரு ஹாரன் வந்தது. குட்டியாக, ஒன்றே ஒன்று. போன மழையில் நனைந்ததிலிருந்து அவர் வண்டி ஹாரனில் ஒரு கரகரப்பு உண்டு. ஆயிரம் வண்டிக்கு நடுவிலும் அவளுக்கு அது தெரியும். டயர் அடுக்கைப் பார்த்து அவள் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். அந்தச் சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே பிரேக் கிறீச்சிட்டது. கனமாக ஏதோ மோதுகிற சத்தம். அப்புறம் இரும்பு ரோட்டில் தேய்த்துக்கொண்டு போகிற சத்தம்.

“நாலு? நாலு? என்னங்க?”

யார் யாரோ ஓடி வருகிற செருப்புச் சத்தம் கேட்டது. தூக்குப்பா, தலையைப் பிடி என்று ஒருவர். “தம்பி ஹாரன் அடிச்சானே, நான் கேட்டேன். இந்த ஆளு திரும்பிக்கூடப் பாக்கல” என்று இன்னொருவர். “காது கேக்காதவர்போல, பாவம்” என்று ஒரு பெண் குரல். கரகரவென்று ஒயரை யாரோ இழுத்தார்கள். லைன் செத்துப்போனது.

வேறு நான்கு லைன்களில், அக்கா அடுத்து எங்கே போகணும் என்று கேட்டு இரண்டு இரண்டு ஹாரனாக வந்துகொண்டே இருந்தது.

அவருக்கு முழங்கைத் தோல் வழண்டதோடு சரி. அடிபட்டவர் மர டிப்போவின் வாட்ச்மேன். கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்து, தலையில் தையல் போட்டுப் படுத்திருந்தார். உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொன்னதும் அவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதாள்.

விசாரிக்க வந்த போலீஸ்காரர் அவள் வீட்டுக்காரரிடம், “போன் பேசினியா?” என்று கேட்டார்.

“இல்ல சார். பேசல.”

அதில் பொய் ஒன்றும் இல்லை. அவர் வாயைத் திறக்கவே இல்லை. அவள் குரலும் ஒயரும் சட்டைப்பைக்குள் சுருண்டு கிடந்தன. முனையில் இருக்கிற பேக்கரிக்காரர் கூப்பிடாமலே வந்து சாட்சி சொன்னார். “ஹாரன் அடிச்சுட்டுத்தான் சார் வந்தான். கடை வாசல்ல நின்ன அத்தனை பேரும் கேட்டோம். பெரியவருக்குத்தான் காதுல விழல.” போலீஸ்காரர், பெரியவரை இனிமேல் தனியாக விடாதீர்கள் என்று அவர் மகளுக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போனார்.

முதலாளிக்கு நெஞ்சு நிறைந்துபோனது. “பாத்தீங்களாடா? ஒரு ஹாரன் கடை மானத்தையே காப்பாத்திடுச்சு. எல்லாரும் தாராளமா அடிங்க” என்று மற்ற நம்பர்களுக்குச் சொன்னார். அவளைப் பார்த்து, “எல்லாம் உன் யோசனைம்மா” என்றார். அவள் ஆயில் டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டு நின்றாள். அது ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து, சொட்டுகிற அதே குழாயடியில் அவர் முழங்கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

“அவரைப் பாத்தீங்களா?”

“எவரை?”

“ஹாரன் அடிக்கும்போது. அவர் குறுக்க வந்ததைப் பாத்தீங்களா?”

அவர் தண்ணீரை நிறுத்தாமல் நின்றார். “இல்ல.”

“அப்போ அந்த ஹாரன்...”

“உனக்கு அடிச்சேன். தெரியாத மாதிரி கேக்குறே?” குழாயை மூடினார். அது மறுபடி சொட்ட ஆரம்பித்தது. “குறைஞ்சா போயிடுவீங்கன்னு கேட்டியே, சிரிப்பு வந்துச்சு. சிரிச்சுட்டே அமுக்கினேன். நிமிர்ந்தா எதிர்ல ஆளு.”

பல நாள் கழித்து அவர் சிரித்தது அப்போதுதான்.

மறுநாளிலிருந்து வேலை எப்போதும்போல நடந்தது. நடக்காமல் என்ன செய்யும்? வண்டியின் வளைந்த ஹேண்டில்பாரைக் கடையிலேயே மாற்றினார்கள். அவர் ஒயரைச் செருகி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அவள் அறிவிப்புக்குக் கீழே போய் உட்கார்ந்தாள். “நாலு, பேரிங் ரெண்டு, பஸ் ஸ்டாண்டு பின்னால” என்று மட்டும் சொல்வாள், மேலே ஒரு வார்த்தை கிடையாது. மற்ற நம்பர்களிடமிருந்து ஹாரன் வரும்போதெல்லாம் திடுக்கிட்டு நிமிர்வாள். அந்த ஹாரன் யார் காதில் விழுகிறது, அதை நம்பி யார் காலை எடுத்து வைக்கிறார்கள் என்று நினைப்பு ஓடும். ஹெட்செட்டைக் கழற்றிவைத்துவிட்டு எழுந்து போய்விடலாம் என்று தோன்றும். எழுந்து எங்கே போவது? அவர் சம்பளமும் அவள் சம்பளமும் சேர்ந்துதான் அந்த மாடி அறை. சொல்லாமல் எழுந்தால் ஏன் என்று கேட்பார்கள். சொல்லிவிட்டு எழுந்தால் அவரும் கூடவே எழவேண்டும்.

மர டிப்போ லாரிக்குப் போல்ட்டு வாங்க டிரைவர் ஒருவர் வந்தார். முன்பக்கம் அவர் பேசியது பின்கட்டு வரை கேட்டது.

“புது வாட்ச்மேன் போட்டாச்சு. பழைய பெரியவர் இனிமே சரிப்பட மாட்டார். ரோட்டுல அடிச்ச ஹாரனே கேக்கல, மரத்தை உருட்டிட்டுப் போனா கேக்குமா? எங்க முதலாளி கறாராச் சொல்லிட்டார். பெரியவர் அழுதாராம். கேட்டுச்சு கேட்டுச்சுன்னு சொல்றாராம். யாரு நம்புறா?”

அன்று சாயங்காலம் அவள் சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“அவருக்கு வேலை போச்சாம்.”

“யாருக்கு?” என்று கேட்டாரே தவிர அவருக்குத் தெரிந்திருந்தது. பிசைந்த சோறு கையிலேயே நின்றது.

“காது கேக்கலன்னு நிறுத்திட்டாங்களாம். நாம போய் உள்ளதைச் சொல்லிடலாமா?”

“சொல்லி?”

“கேட்டுச்சுன்னு அவர் சொல்றதை நம்புவாங்களே. அந்த ஹாரன் அவருக்கு அடிச்சது இல்லன்னு தெரியுமே.”

“அப்புறம் என்ன தெரியும்? நாலாம் நம்பர் ரோட்டைப் பாக்காம பொண்டாட்டிக்கு ஹாரன் அடிச்சான்னு தெரியும். லைசென்ஸ் போகும். கேஸு வரும். எனக்கு வேற என்ன வேலை தெரியும், சொல்லு? உன்னை மட்டும் விட்டுருவாங்களா? பேசுனது யாரு?”

“நான்தான்.”

“அடிக்கச் சொன்னது யாரு?”

“நான்தான். அமுக்கினது யாரு?”

அவர் தட்டைத் தள்ளினார். கை கழுவப் போக ஓர் அடிதான் தூரம், அதையும் போகாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். “ஞாயித்துக்கெழமை போய்ப் பாத்துட்டு வரலாம். பழம் வாங்கிட்டுப் போலாம். ஆனா வாயைத் தொறக்காதே. என்மேல ஆணையா வாயைத் தொறக்காதே” என்றார். அவள் சரி என்றாள். வேறு என்ன சொல்ல முடியும் அவளால்?

ஞாயிற்றுக்கிழமை தூறிக்கொண்டிருந்தது. வாட்ச்மேன் வீடு சந்தின் கடைசியில். வெளியே தாழ்ப்பாளில் ஒரு பெரிய பூட்டு திறந்து தொங்கியது. கதவைத் திறந்த மகளுக்கு சலவைக் கடையில் இஸ்திரி போடுகிற வேலை. புறங்கையில் சுட்ட வடுக்கள் இருந்தன.

“வாங்கண்ணா, வாங்கக்கா” என்றவள், அவர்கள் பூட்டைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டாள். “நான் வேலைக்குப் போறப்போ வெளிய பூட்டிட்டுத்தான் போறேன். என்ன பண்றது? கட்டுப் போட்ட காலோட நொண்டிக்கிட்டே வாசலுக்கு வந்துடறார். மறுபடி ஏதாவது ஆச்சுன்னா நான் யாருகிட்ட போய் நிப்பேன்?” பிறகு உள்ளே பார்த்து அடிவயிற்றிலிருந்து கத்தினாள். “அப்பா! யாரு வந்திருக்காங்க பாரு!”

கட்டிலில் சாய்ந்திருந்த பெரியவர் முகத்தைச் சுளித்தார். அவர் காதில் ஒரு சின்ன மிஷின் இருந்தது. அதிலிருந்து மெல்லிய ஒயர் சட்டைப்பைக்குப் போனது. அதைப் பார்த்ததும் அவளுடைய வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

“வாங்க தம்பி. உக்காரும்மா.”

“எப்படி இருக்கீங்க?” என்று வீட்டுக்காரரும் கத்தினார். கத்தவேண்டும் என்று நினைத்துக் கத்தவில்லை. அந்த வீட்டில் எல்லாரும் கத்துகிறார்கள், அதனால் வந்துவிட்டது.

“மெதுவாவே பேசுங்க தம்பி. எனக்கு நல்லாவே கேக்கும். இது இவ வாங்கி மாட்டினது.” மிஷினைத் தொட்டார். “இதைப் போட்டா ஊர் சத்தம் பூரா மண்டைக்குள்ள வந்து குந்திக்குது. கரண்டி விழுந்தா இடி விழுந்த மாதிரி இருக்கு. கழட்டினா திட்டுறா.”

“டாக்டரே போடச் சொன்னார்ப்பா!”

“ஹாரன் கேக்கலன்னு நீ சொன்னே, அவர் போடச் சொன்னார். என்னைக் கேட்டாரா?” அவர் இவர்கள் பக்கம் திரும்பினார். “என் பொழப்பே காதுதாம்மா. கண்ணை மூடிட்டு உக்காந்திருப்பேன். நாய் நடக்குதா ஆள் நடக்குதான்னு சொல்லுவேன். டிப்போவுக்குள்ள வர்ற லாரி எதுன்னு கேட் தொறக்குறதுக்கு முன்னாடி சொல்லுவேன். இப்போ எதிர் வீட்டுச் சின்னப்பய வந்து, தாத்தா காது கேக்குதான்னு கைதட்டிப் பாக்குறான்.”

மகள் டீ போட உள்ளே போனாள். மழை வலுத்தது. பெரியவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு முன்னால் குனிந்தார்.

“தம்பி, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். தப்பா நெனக்காதீங்க. உங்கமேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. நீங்க ஹாரன் அடிச்சீங்க. நான் கேட்டேன். கேட்டுட்டுத்தான் காலை எடுத்து வெச்சேன்.”

அவள் வீட்டுக்காரர் பழப் பையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

“ஹாரன் அடிச்சா என்ன அர்த்தம்? என்னைப் பாத்துட்டான்னு அர்த்தம். பாத்தவன் மெதுவா வருவான், நாம கடந்துடலாம்னு போனேன். ஹாரன் வரலன்னா நின்னிருப்பேன். ஒரு குட்டி ஹாரன், கொஞ்சம் தொண்டை கட்டின மாதிரி. சரிதானே? இதைச் சொன்னா யாரும் காதுகொடுத்துக் கேக்க மாட்டேங்குறாங்க. அடிபட்டதுல ஒளர்றேன்னு சொல்றாங்க. இவளே நம்பல. எனக்கே இப்பல்லாம் சந்தேகமா இருக்கு தம்பி. நெசமாவே கேக்காமப் போயிடுச்சோ? நானாக் கற்பனை பண்றேனோ? அடிச்சவர் நீங்க. நீங்களாவது சொல்லுங்க. என்னைப் பாத்துத்தானே அடிச்சீங்க?”

அவள் வீட்டுக்காரரைப் பார்த்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும், எழுந்து போய்விடலாம். அவரால் அது முடியவில்லை. இல்லை என்று சொல்லவும் முடியவில்லை. அவர் தன்னைப் பார்த்துக் கண்ணாலேயே, வேண்டாம் என்று கெஞ்சுவதையும் அவள் பார்த்தாள்.

“உங்களுக்கு நல்லாக் கேட்டுச்சு ஐயா” என்றாள். “நீங்க சொல்றது அத்தனையும் சரி. அந்த ஹாரன் உங்களுக்கு அடிச்சது இல்ல. எனக்கு அடிச்சது.”

மகள் டீத் தட்டோடு சமையல்கட்டு வாசலில் நின்றுவிட்டாள். சொல்ல ஆரம்பித்தவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஒயரை, லைனை, ஒரு ஹாரன் என்றால் சரி என்பதை. அதைக் கண்டுபிடித்தது தான்தான் என்பதையும் சொன்னாள். கத்தாமல், லைனில் பேசுகிற அதே குரலில் சொன்னாள். பெரியவர் ஒரு வார்த்தை தவறாமல் கேட்டார்.

கேட்டு முடித்ததும் காதிலிருந்து மிஷினை உருவி மகள் நீட்டிய தட்டில் டீக்குப் பக்கத்தில் வைத்தார். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

“பாத்தியா? நான் சொன்னேனா இல்லையா? என் காதுக்கு ஒரு கேடும் இல்ல. தொண்டை கட்டின ஹாரன்னு சொன்னேனே, அதுகூடச் சரி!” கட்டிலில் கையால் தட்டினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “போய் டிப்போவுல சொல்லு. இப்பவே போய்ச் சொல்லு.”

மகள் அப்பாவைப் பார்க்கவில்லை. இவர்கள் இருவரையும்தான் பார்த்தாள்.

பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பேச்சுவாக்கில் கேட்பதுபோலக் கேட்டார். “அப்படி என்னம்மா அவசரமாக் கேட்டே அவர்கிட்ட?”

கேபிள் என்று சொல்லியிருக்கலாம். பேரிங் என்று சொல்லியிருந்தால் அவரும் தலையாட்டியிருப்பார், வேலை விஷயம் என்று. அவளுக்கு வேறு எதுவும் வாயில் வரவில்லை.

“கோவம் போயிடுச்சான்னு கேட்டேன்.”

பெரியவர் அவளைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த அவள் வீட்டுக்காரரைப் பார்த்தார். பிறகு மாவுக்கட்டில் விறைத்துக் கிடந்த தன் காலைப் பார்த்தார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

“இதுக்கா?” என்றார். “இதுக்காம்மா?”

அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகள் தட்டைக் கீழே வைத்தாள்.

“நாளைக்குக் காலைல டிப்போவுக்கு வரணும். அப்புறம் போலீஸ் ஸ்டேஷனுக்கும். வருவீங்களா?” இப்போது அண்ணாவும் இல்லை, அக்காவும் இல்லை. குரலும் தாழ்ந்திருந்தது.

“வரேன்” என்றாள் அவள்.

அவள் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போனார். பழப்பை தரையில் சரிந்து கிடந்தது.

அவள் வெளியே வந்தபோது மழையில் வண்டியை ஸ்டார்ட் செய்து வைத்துக்கொண்டு நின்றார். விட்டுவிட்டுப் போகவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. ஹெல்மெட்டுக்கு அடியிலிருந்து ஒயர் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமையும் அதை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார், பழக்கதோஷம். அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். சந்து தாண்டி, பேக்கரி முனை தாண்டி, ஆலை ரோட்டில் வண்டி திரும்பியது. இத்தனை வருஷத்தில் அந்தக் காதுக்கு இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்து அவள் பேசியதில்லை.

“கோவமா?” என்று கேட்டாள்.

எதிரே குடை பிடித்த ஒரு பெண் ரோட்டைக் கடக்க இறங்கினாள். அவர் பிரேக் போட்டு, இரண்டு காலையும் ஊன்றி வண்டியை நிறுத்தினார். அந்தப் பெண்ணுக்கு இவர் நிற்கிறாரா போகிறாரா என்று புரியவில்லை. போங்க என்று கையைக் காட்டினாள். இவர் போகவில்லை. அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தபோது, கட்டைவிரல் ஹாரன் பொத்தானின்மேல் இருப்பது அவளுக்குத் தெரிந்தது. மழைத்தண்ணீர் அதன்மேல் வழிந்துகொண்டிருந்தது. அந்தப் பெண் தயங்கித் தயங்கிக் கடந்து முடிக்கும்வரை அவள் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அமுக்கவும் இல்லை, விலகவும் இல்லை.